"ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று கடைசியாக எப்போது எழுதினோம்?

தாமிரபரணிக் கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். ஒரு பதவிக்காலம் ஊராட்சி வார்டு உறுப்பினராக இருந்தவன் நான். 2022 மே 1 அன்று எங்கள் ஊர்க் கிராம சபையில் நடந்ததை முதலில் சொல்கிறேன். கேள்வி பிறகு.

அன்று பேசவேண்டியது தண்ணீர். மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெற்குத் தெருவுக்குக் குடிநீர் ஏறவில்லை. எங்கள் ஊரில் வடக்குத் தெருவில் பெரும்பாலோர் ஒரு கட்சி, தெற்குத் தெருவில் இன்னொரு கட்சி. புளியமரத்தடியில் ஷாமியானா போட்டு உட்கார்ந்தோம். குழாயில் தொடங்கிய பேச்சு பத்தே நிமிடத்தில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து டெல்லிக்கும் போய்விட்டது. இரண்டு தரப்பும் தீர்மானத்தை வீட்டிலேயே எழுதி எடுத்துக்கொண்டு வந்திருந்தன. ஒரு தரப்புக்குப் புதிய தொட்டி வேண்டும். இன்னொரு தரப்புக்குத் தனி ஆழ்துளைக் கிணறு வேண்டும். இரண்டுக்கும் ஊராட்சியில் பணம் இல்லை என்பது இரு தரப்புக்கும் தெரியும். ஆனாலும் விட்டுக்கொடுத்தால் தோற்றதாக ஆகிவிடுமே என்று யாரும் அசையவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து, நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா ஒருவர் பின்வரிசையிலிருந்து எழுந்தார். "தெற்குத் தெரு மேடு, வடக்குத் தெரு பள்ளம். ஒரே நேரத்தில் திறந்தால் பள்ளத்துக்குத்தான் தண்ணீர் ஓடும். காலையில் முதல் ஒரு மணி நேரம் வடக்கு வால்வை மூடிவைத்து, எங்கள் பக்கம் திறந்துவிடுங்கள். பிறகு நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார். அவ்வளவுதான். இரண்டு கேட் வால்வு வாங்கும் செலவு. தண்ணீர் திறந்துவிடுபவரைக் கேட்டோம், முடியும் என்றார். தீர்மானப் புத்தகத்தில் "ஒருமனதாக" என்று எழுதினோம். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள்.

அதே நாட்டின் நாடாளுமன்றத்தில் 2023 டிசம்பர் கூட்டத்தொடரில் இரு அவைகளிலுமாக 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்கள் வெளியே நின்றபோதே மூன்று புதிய குற்றவியல் சட்ட மசோதாக்கள் நிறைவேறின. நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாக இருந்த தண்டனைச் சட்டத்தை மாற்றி எழுதும்போது எதிர்வரிசை காலியாகக் கிடந்தது என்பதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. அங்கே அந்தப் பின்வரிசைக் குரல் எழுவதற்கு இடமே இல்லையா? அல்லது நம் மக்களாட்சியின் இயல்பே இதுதானா?

---

புதுவாக்காளர்

ஐயா, உங்கள் ஊர்க் கதை நன்றாக இருக்கிறது. ஆனால் தொட்டிக்கும் நாட்டுக்கும் வேறுபாடு உண்டு. வால்வு பிரச்சினைக்குச் சரியான விடை ஒன்று இருந்தது, அதை ஒருவர் கண்டுபிடித்தார். இடஒதுக்கீடு, மொழி, மதம், கல்விக் கொள்கை போன்றவற்றில் அப்படி ஒரு விடை ஒளிந்துகொண்டிருக்கவில்லை. அங்கே மக்கள் விரும்புவதே வேறு வேறு. அதற்காகத்தானே தேர்தல்? பெரும்பான்மை பெற்றவர் ஆளட்டும், பிடிக்கவில்லையென்றால் ஐந்தாண்டில் மாற்றுவோம். எல்லாக் கட்சியும் ஒத்துப்போய்விட்டால் நான் எதற்காக வரிசையில் நின்று வாக்களிக்க வேண்டும்?

---

நீதிமன்ற வாசல்

தம்பி புதுவாக்காளர் கேட்பது நியாயமான கேள்வி. பெரும்பான்மைதான் முடிவு செய்ய வேண்டும், அதில் எனக்கும் ஐயம் இல்லை. முடிவு செய்வதற்கு முன் என்ன நடக்கிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன். வழக்கறிஞராக முப்பது ஆண்டு சட்ட வாசகங்களோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவசரத்தில் எழுதப்பட்ட பிரிவு எது, பத்துப் பேர் கேள்வி கேட்டுத் தேய்த்த பிரிவு எது என்பது படித்தவுடன் தெரிந்துவிடும்.

1993இல் துறைவாரி நிலைக்குழுக்கள் வந்தன. இப்போது ஒவ்வொன்றிலும் 31 பேர், எல்லாக் கட்சியும் கலந்து. கேமரா கிடையாது. அதனால் அங்கே ஆளுங்கட்சி உறுப்பினர் தன் அரசின் மசோதாவிலேயே குறை சொல்லலாம். எதிர்க்கட்சி உறுப்பினர் 'இந்தப் பிரிவு சரிதான்' என்று ஒப்புக்கொள்ளலாம். மறுநாள் செய்தித்தாளில் யாரையும் துரோகி என்று எழுத மாட்டார்கள். 15ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 16ஆவதில் ஏறத்தாழ கால்பங்காகச் சுருங்கியது. 17ஆவதில் 16 சதவீதம்.

2020இன் வேளாண் சட்டங்களை நினைத்துப் பாருங்கள். குழுவுக்கு அனுப்பவில்லை. மாநிலங்களவையில் வாக்குகளை எண்ணச் சொல்லிக் கேட்டும், குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேற்றினார்கள். அதன்பின் விவசாயிகள் டெல்லி எல்லையில் ஓராண்டுக்கும் மேலாக வெயிலிலும் குளிரிலும் உட்கார்ந்தார்கள். 2021 நவம்பர் 29 அன்று இரு அவைகளிலும் ஒரே நாளில் திரும்பப் பெற்றார்கள், அப்போதும் விவாதம் இல்லை. பெரும்பான்மைக்கு மக்களவையில் குறைவே இல்லை. அப்படியும் அந்தச் சட்டங்களால் நிற்க முடியவில்லையே, அது ஏன்?

இன்னொன்று, நாமே விரும்பிப் போட்ட பூட்டு: 1985இல் 52ஆவது திருத்தம் கொண்டுவந்த கட்சித்தாவல் தடைச் சட்டம். 1967இலிருந்து அரியானாவில் காலையில் ஒரு கட்சி, மாலையில் ஒரு கட்சி என்று நடந்த கூத்தைத் தடுக்க வந்தது. தேவை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கொறடா உத்தரவு ஆட்சியைக் காக்கும் வாக்கெடுப்புக்கு மட்டும் என்று இல்லாமல், சாதாரண மசோதாவுக்கும் கட்டுப்படுத்துகிறது. எதிர்வரிசையில் இருப்பவர் எவ்வளவு நல்ல வாதம் வைத்தாலும் இந்தப் பக்கத்து உறுப்பினர் மனம் மாறி வாக்களித்தால் பதவி போய்விடும். மனம் மாறவே கூடாது என்று விதித்துவிட்டு விவாதம் நடத்தினால், பேசுபவர் யாரைப் பார்த்துப் பேசுவார்? கேமராவைப் பார்த்துத்தான்.

---

கணக்கப்பிள்ளை

நான் வரி ஆலோசகன். எல்லாமே கெட்டுவிட்டது என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை, ஒரு மாற்று உதாரணம் தருகிறேன்.

ஜிஎஸ்டிக்கான அரசியல் சட்டத் திருத்தம் 2016 ஆகஸ்டில் வந்தபோது இரு அவைகளிலும் எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை. ஒருமித்த கருத்து என்றா சொல்ல முடியும்? முழுமையாக இல்லை. உற்பத்தி மாநிலமான தமிழ்நாட்டுக்கு வருவாய் குறையும் என்று அதிமுக வெளிநடப்புச் செய்தது. அந்த அச்சம் பிற மாநிலங்களுக்கும் இருந்தது. அதனால்தான் ஐந்தாண்டுக்கு, ஆண்டுக்கு 14 சதவீத வளர்ச்சியைக் கணக்கில் வைத்து இழப்பீடு என்று சட்டத்திலேயே எழுதினார்கள்.

மத்திய, மாநில நிதி அமைச்சர்கள் உட்காரும் ஜிஎஸ்டி மன்றத்தின் வாக்குக் கணக்கையும் கவனியுங்கள். மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு, முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு. மத்திய அரசை ஒதுக்கிவிட்டு மாநிலங்களால் எதையும் நிறைவேற்ற முடியாது. பெரும்பாலான மாநிலங்களை ஒதுக்கிவிட்டு மத்திய அரசாலும் முடியாது. சிக்கிமுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே எடை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு, அது வேறு பேச்சு. மேடையில் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிடும் கட்சிகளின் நிதி அமைச்சர்கள் அங்கே உட்கார்ந்து பேசி முடித்தார்கள். 2019 டிசம்பரில் லாட்டரி வரி விஷயத்தில்தான் முதன்முறையாக வாக்கெடுப்பே நடந்தது. அந்த மனிதர்கள் ஒரே இரவில் நல்லவர்களாகிவிடவில்லை. மற்றவர் இல்லாமல் வேலை ஆகாது என்று விதி எழுதப்பட்டிருந்தது.

---

வைகை மகள்

இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் 'ஒருமனதாக' என்ற சொல்லை நல்ல சொல்லாகவே எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே வயிற்றைப் பிசைகிறது. நான் உசிலம்பட்டிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள்.

1996இல் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் அங்கே முறையாகத் தேர்தல் நடக்கவில்லை. மனுவே தாக்கல் செய்ய விடாமல் செய்தார்கள். தப்பித்தவறித் தேர்ந்தெடுக்கப்பட்டவர் உடனே பதவி விலகினார். ஊர்க் கூட்டத்தில் என்ன சொன்னார்கள் தெரியுமா? 'ஊரே ஒருமனதாக எடுத்த முடிவு.' அந்த ஊருக்குள் அந்தத் தெரு இல்லை. மேலவளவில் துணிந்து பதவியேற்ற தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள்.

2006 அக்டோபரில்தான் அந்த நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். மாவட்ட நிர்வாகமும் அரசும் கட்சிகளும் இயக்கங்களும் ஊர் ஊராகப் போய்ப் பேசிய பிறகு. பேசினார்கள் என்பது உண்மை. ஆனால் 'நீங்கள் ஒத்துக்கொண்டால் தேர்தல்' என்று பேசவில்லை. 'தேர்தல் நடக்கும், அதை அமைதியாக எப்படி நடத்துவது' என்று பேசினார்கள். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டுக் கருத்தொற்றுமையைப் போற்றாதீர்கள். என் உரிமை பேரத்துக்கு உரியது இல்லை.

குடவோலையைப் பற்றி யாராவது எழுதப்போகிறீர்கள் என்று நினைக்கிறேன். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பெருமையோடு காட்டுபவர்கள், குடத்தில் போட்ட ஓலையில் பெயர் வர யாருக்குத் தகுதி இருந்தது என்பதையும் சேர்த்தே வாசித்துக் காட்டுங்கள்.

---

கல்வெட்டு

தோழி, குடவோலையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் சொன்ன பிறகு அதை விட்டுவிடுகிறேன். நீங்கள் சொன்னது சரி. சொந்த நிலம், சொந்த மனை, 35 முதல் 70 வயது, வேதப் பயிற்சி என்று வரையறுக்கப்பட்டவர்களுக்குள் நடந்த தேர்வு அது.

தம்பி புதுவாக்காளர் 'மொழிக்கு விடை இல்லை' என்றார். நம் நாட்டில் உண்மையாகவே எரிந்த கேள்வி அது. அதற்கு எப்படி ஒரு விடை கிடைத்தது என்பதைச் சொல்கிறேன்.

அரசியல் நிர்ணய சபை தொடங்கிய மறுநாளே, 1946 டிசம்பர் 10 அன்று, ஜான்சியிலிருந்து வந்த துலேகர் எழுந்து, இந்துஸ்தானி தெரியாதவர்களுக்கு இந்தியாவில் இருக்கவே உரிமை இல்லை என்ற பொருளில் பேசினார். 1948 நவம்பரில் டி.டி. கிருஷ்ணமாச்சாரி அதே சபையில் மறுபக்கத்தை வைத்தார். முழு இந்தியா வேண்டுமா, இந்தி இந்தியா வேண்டுமா என்பதை வடக்கத்தி நண்பர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்றார். இதைவிடப் பெரிய பிளவு இருக்க முடியுமா? 1949 செப்டம்பர் 14 அன்று சபை உறுப்பினர்கள் கே.எம். முன்ஷியும் கோபாலசாமி அய்யங்காரும் வகுத்த சமரச வாய்பாட்டை ஏற்றுக்கொண்டார்கள். 'தேசிய மொழி' என்ற சொல்லையே தவிர்த்து 'ஆட்சி மொழி' என்றார்கள். இந்தி நாகரி எழுத்தில், எண்கள் மட்டும் பன்னாட்டு வடிவில், ஆங்கிலம் மேலும் 15 ஆண்டு. எண்களுக்காக அவர்கள் போட்ட சண்டையைப் படித்தால் வியப்பாக இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்றை எப்படி எழுதுவது என்பதில் நாள்கணக்கில் நின்றார்கள்.

அந்த வாய்பாடு யாருக்கும் நிறைவு தரவில்லை. கேள்வியைத் தள்ளிப்போட்டது. பதினைந்து ஆண்டு முடியப்போகும் நேரத்தில், 1963இல் வந்த ஆட்சிமொழிச் சட்டம் ஆங்கிலம் 'தொடரலாம்' என்றது. 'தொடரலாம்' வேறு, 'தொடரும்' வேறு என்று அண்ணா மாநிலங்களவையில் வாதாடினார். கேட்கவில்லை. 1965இல் தமிழ்நாடு பற்றி எரிந்தது, பலர் உயிரிழந்தார்கள். மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். அன்றிரவே பிரதமர் சாஸ்திரி வானொலியில் உறுதிமொழி தந்தார்.

இனி வருவதுதான் முக்கியம். 1967 டிசம்பரில் நிறைவேறிய திருத்தம் அந்த உறுதிமொழியை இப்படிச் சட்டமாக்கியது: இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் தீர்மானம் போட்டு, அதன்பின் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போட்டால் மட்டுமே ஆங்கிலம் விலகும். ஒரே ஒரு மாநிலம் மறுத்தால்கூட நடக்காது. மொழிச் சண்டை முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை, இன்றும் நடக்கிறது. ஆனால் இந்தியாவை உடைத்திருக்கக்கூடிய கேள்வி, அந்த ஒரு பிரிவின் நிழலில் அறுபது ஆண்டை நெருங்கிவிட்டது. கணக்கப்பிள்ளை ஜிஎஸ்டி மன்றத்தைப் பற்றிச் சொன்ன அதே வழிதான் இதுவும்.

---

கடைமடை

தாமதமாக வருகிறேன், நாற்றங்கால் வேலை. நான் தலைஞாயிறு பக்கம் விவசாயி.

காவிரி என்று வந்தால் தமிழ்நாட்டில் எல்லாக் கட்சியும் ஒன்று. அனைத்துக் கட்சிக் கூட்டம் போட்டால் ஒருமனதாகத் தீர்மானம். கர்நாடகத்திலும் அப்படியே, அங்கும் அனைத்துக் கட்சிக் கூட்டம், அங்கும் ஒருமனதாகத் தீர்மானம். இரண்டு பக்கமும் முழு ஒற்றுமை, ஆனால் தண்ணீர் மட்டும் வரவில்லை. வைகை மகள் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒன்றுபடுவது எளிது, எதிரே இன்னொருவரை நிறுத்திவிட்டால் போதும். 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர்கள் அடிபட்டபோதும் இரு பக்கமும் ஒற்றுமையாகத்தான் இருந்தோம்.

2002இல் மழை பொய்த்து இரு மாநிலமும் தவித்த பிறகு, 2003இல் 'காவிரிக் குடும்பம்' என்று ஒன்று உருவானது. இரு மாநில விவசாயிகளும் நேருக்கு நேர் உட்காரும் குழு. சென்னையின் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஜனகராஜன் போன்றவர்கள் இணைத்துவைத்தார்கள். நம்மவர்கள் மண்டியாப் பக்கம் போய்ப் பார்த்தார்கள், அவர்கள் டெல்டாவுக்கு வந்து பார்த்தார்கள். பற்றாக்குறை ஆண்டில் எப்படிப் பங்கிடுவது என்பதைத்தான் அவர்கள் முக்கியமாகப் பேசினார்கள். நல்ல மழை ஆண்டில் சண்டையே இல்லை என்று எந்த விவசாயிக்கும் தெரியும்.

இறுதி உடன்பாடு எதுவும் அதிலிருந்து வரவில்லை. முடிவு உச்ச நீதிமன்றத்திலிருந்து 2018 பிப்ரவரி 16 அன்று வந்தது, நமக்கு 177.25 டிஎம்சி என்று. பிறகு காவிரி நீர் மேலாண்மை ஆணையம் வந்தது. ஆனாலும் அந்தக் குழுவை நான் வீண் முயற்சி என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் வாய்க்காலில் நடப்பதைச் சொன்னால் புரியும். தண்ணீர் குறைந்தால் முறைப்பாசனம் வைப்போம். தலைமடைக்காரருக்கு இத்தனை நாள், கடைமடைக்கு இத்தனை நாள். எங்கள் முறை வரும் இரவில் நாங்கள் நாலு பேர் டார்ச் லைட்டோடு மதகுக்குப் போய் உட்காருவோம். தலைமடையிலிருந்தும் இரண்டு பேர் வருவார்கள், நாங்கள் பலகையைக் கூடுதலாகத் தூக்கிவிடாமல் பார்க்க. ஒருவரையொருவர் நம்பவில்லை, அதனால்தான் காவல். விடிய விடிய ஒரே மதகில் உட்கார்ந்தால் பேசாமல் இருக்க முடியாது. அப்படி ஒரு இரவில்தான், அவர்கள் வயலில் மண் மணற்பாங்கு என்பதும், ஒரு நாள் தண்ணீர் தவறினால் எங்களைவிட அவர்களுக்குப் பயிர் சீக்கிரம் காயும் என்பதும் எனக்குத் தெரியவந்தது. இருபது ஆண்டாக அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்காக என் முறையை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு முறை வைக்கும்போது நாட்களைத் துண்டு துண்டாக மாற்றிப் போட்டோம். மொத்த நாட்கள் அதேதான், இடைவெளி மட்டும் குறைந்தது.

---

புதுவாக்காளர்

கடைமடை ஐயா, இதை இரண்டு முறை படித்தேன். என் முதல் பதிவில் பெரும்பான்மை என்று எழுதினேன். உங்கள் மதகில் பெரும்பான்மை யாருக்கு என்று எண்ணிப் பார்த்தேன், தலைமடையில் ஆள் அதிகம் என்றால் கடைமடைக்குத் தண்ணீரே இல்லை. ஆக, முறை என்பது வாக்கெடுப்புக்கு முன்னால் இருக்க வேண்டிய ஒன்று. இதுவரை ஏற்கிறேன்.

ஆனால் ஒரு வருத்தத்தைச் சொல்ல வேண்டும். எனக்கு அப்படி ஒரு மதகு இல்லை. எனக்கு எதிர்க்கருத்து உள்ளவரைக் கைபேசித் திரையில் மட்டும்தான் பார்க்கிறேன். 2024 தேர்தலுக்குப் பிறகு எங்கள் குடும்பக் குழுவிலிருந்து சித்தப்பா வெளியேறினார். நான் போட்ட ஒரு பதிவுக்காக. தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போகவில்லை. அவர் ஏன் அப்படி நினைக்கிறார் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

---

தாமிரபரணிக் கரை

தம்பி, பொங்கலுக்காவது போய்ப் பாருங்கள். பதிவைப் பற்றிப் பேசவேண்டும் என்றுகூட இல்லை.

எங்கள் ஊர் முடிதிருத்தகத்தில் முன்பு மூன்று கட்சிச் சார்புள்ள மூன்று நாளிதழ்கள் கயிற்றில் தொங்கும். காத்திருப்பவர்கள் மாற்றி மாற்றிப் படித்துச் சத்தம் போடுவார்கள். இப்போது கண்ணாடிக்கு மேலே 'இங்கே அரசியல் பேசக்கூடாது' என்று அட்டை ஒட்டியிருக்கிறது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, இரண்டு வாடிக்கையாளர்கள் கைகலந்து ஒரு நாற்காலி உடைந்தது. ஆனால் அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

நீதிமன்ற வாசல் ஐயா சொன்ன குழுவும், கடைமடை சொன்ன மதகும், எங்கள் புளியமரத்தடியும் எனக்கு ஒரே வகை இடங்களாகத் தோன்றுகின்றன. தோற்றதாக ஆகாமல் ஒருவர் தன் நிலையை மாற்றிக்கொள்ளக்கூடிய இடங்கள். 2019 முதல் 2024 வரை மக்களவைக்குத் துணைத்தலைவரே இல்லை. அதற்கு முந்தைய அவையில் நம் தம்பிதுரை அந்த நாற்காலியில் இருந்தார். எதிர்த்தரப்புக்குக் கொடுப்பது வழக்கம் என்று சொல்லப்பட்ட பதவியை நிரப்பாமலே ஐந்தாண்டு ஓடியது. இப்படித்தான் ஒவ்வொரு இடமாக மூடப்படுகிறது.

---

வைகை மகள்

ஐயா, ஒரு கேள்வி. உங்கள் முதல் பதிவிலிருந்து மனதில் இருக்கிறது. அந்த வால்வு யோசனையைச் சொன்ன அம்மாவின் பெயர் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறதா?

---

தாமிரபரணிக் கரை

அம்மா, நீங்கள் கேட்ட பிறகு நேற்று ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பழைய புத்தகத்தை எடுத்துத் தரச் சொல்லிப் பார்த்தேன். வருகைப் பக்கத்தில் அவருடைய கைநாட்டு இருக்கிறது. தீர்மானத்தில், முன்மொழிந்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. வழிமொழிந்தவர் வடக்குத் தெரு வார்டு உறுப்பினர்.

மாலையில் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வடக்கு வால்வின் கைப்பிடி போன மாதமே துருப்பிடித்துவிட்டது, அதனால் காலையில் சரியாக மூடமுடியவில்லை, மறுபடி மேட்டுக்குத் தண்ணீர் குறைகிறது என்றார். அடுத்த கிராம சபைக்கு அவர் பெயரில் அதைப் பொருளாக வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவரே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.